ஃபெஸ் நகரத்தில் சொல்ல ஒரு பெயர்

என் புருசன் பஸ்ரியன் மன்னாரில் கண்ணைக் கட்டி விட்டாலும் கடற்கரைக்குப் போய்ச் சேருகிற மனுசன். அப்படிப்பட்டவரை மொரோக்கோவில் ஃபெஸ் என்கிற ஊர் மாதக்கணக்கில் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தது. கனடா என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்சிக்காரன், அங்கே ஒரு மாடியறையில் அவரை விட்டுவிட்டு மாயமாகிவிட்டான். 1994 வைகாசியில், ரொறன்ரோவிலிருந்து நான் போட்ட ஸ்பொன்சர் சரிவந்தது. வியாழன் காலை அவர் ரபாத் நகரத்தில், கனடா தூதரகத்து நேர்முகத்துக்கு நிற்கவேண்டும். அதற்குப் புதன் பின்னேர ரயிலைப் பிடிக்கவேண்டும். ரயிலைப் பிடிக்க முதலில் அந்தப் பழைய நகரத்துச் சந்து ஒழுங்கைகளை விட்டு வெளியே வரவேண்டும். அதுதான் அவரால் முடியாத காரியம்.

“இது ஊரில்லை கிளடிஸ்,” என்றார் ரெலிபோனில். “ஒழுங்கைக்குள்ள ஒழுங்கை. மேல பாத்தால் வானமும் இல்லை. வழி காட்டுறன் எண்டு வந்த பெடியன் என்ர பொக்கற்றைத் துடைச்சுப்போட்டுப் போட்டான். இனி ஒருத்தரையும் நம்பமாட்டன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஊரையே இழுத்து நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். முடியாததால் எதிர்க்கதவைத் தட்டினேன்.

எதிர்க்கதவு சுபைதா. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் என் வாய்க்கு ஈடுகொடுக்கிற ஒரே ஆள். பிறந்து வளர்ந்தது ஃபெஸ். ஒருநாள் லோண்ட்ரி அறையில் என் ஈர உடுப்புகளை மெஷினிலிருந்து தூக்கி வெளியே வைத்துவிட்டாள். நான் தமிழில் ஏசினேன், அவள் அரபியில் ஏசினாள், இரண்டு பேருக்கும் நன்றாகவே விளங்கியது. அன்றிலிருந்து சிநேகிதம். பிறகு பேசியதெல்லாம் அரைகுறை இங்கிலிஷ்.

“அங்கே உனக்குச் சொந்தமென்று யாரும் இல்லையா? அவரைக் கூட்டிக்கொண்டுபோய் விட?” என்று கேட்டேன்.

“ஒருவரும் இல்லை,” என்றாள். கழுவி வைத்த கிளாசை எடுத்து மறுபடி கழுவினாள்.

பிறகு மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மேசைவிரிப்பின் மேல் அவளுடைய இரண்டு விரல்கள் நடக்கத் தொடங்கின.

“மாப்பை நம்பவேண்டாம். சந்தியில் நின்று மேலே பார்க்கவேண்டாம், சாமான் வாங்க வந்தவன் மாதிரி நடக்கச் சொல். ‘பாலாக்’ என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டவேண்டும், பின்னால் கழுதை வரும். சுமையோடு வருகிற கழுதை நகரத்து மதில் வாசலில் இருந்து வருகிறது. அதன் வால் பக்கமாக நடந்தால் வாசல் வரும். ‘அந்தப் பாதை பூட்டு’ என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். நடக்கிறவனிடம் வழி கேட்காதே, கடையில் இருக்கிறவனிடம் கேள். அவன் கடையை விட்டுவிட்டு உன்னோடு வரமாட்டான். முதலில் ஸலாம், பிறகுதான் கேள்வி.”

விரல்கள் ஏறின, வளைந்தன, ஓரிடத்தில் தண்ணீர் குடிப்பதற்காக நின்றன. அங்கே ஒரு நீர்த்தொட்டி, ஓடுகள் நீலம் என்றாள். புதினா மணம், பிறகு தோல் பதனிடுகிற நாற்றம், பிறகு சீவிய தேவதாரு மரத்து வாசம். பதினாலாம் மாடியில், ரொறன்ரோ வெயில் கண்ணாடியில் விழுந்துகொண்டிருக்க, என் முன்னால் ஒரு முழு நகரம் எழும்பி நின்றது. இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டா இவள் என்னோடு ஒரு மெஷினுக்குச் சண்டை பிடித்தாள்!

அவ்வளவையும் பஸ்ரியனுக்குப் பாடம் பண்ணிக் கொடுத்தேன்.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. சுபைதாவும் வந்து என் குசினியில் கோப்பி ஊற்றிக்கொண்டு இருந்தாள். பதினொரு மணியளவில் போன் அடித்தது. அங்கே பின்னேரம். ரயில்நிலையம் என்று நினைத்து எடுத்தேன்.

“கிளடிஸ், துலைஞ்சுபோனன். கழுதையள் வரிசையா வந்ததுகள். சுவரோட ஒதுங்கி ஒரு சந்துக்க போனன். பிறகு எல்லாம் மாறிப்போச்சு. கீழ கீழ இறங்கி எங்கயோ வந்து நிக்கிறன். ரயிலுக்கு நேரம் போகுது, விளங்குதே?”

“மடுமாதாவே! எங்க நிக்கிறியள்?”

“ஒரு ரெலிபோன் கடை. வெளியில ஒரே சத்தம், காது அடைக்குது.”

எனக்கும் கேட்டது. சுத்தியல்கள். நூறு சுத்தியல்கள் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி ஒரு தாளம். நான் ரிசீவரைச் சுபைதாவின் காதில் வைத்தேன்.

அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“செம்பு தட்டுகிற சதுக்கம்,” என்றாள். “கீழ் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சொல்லி விளங்காது, சந்துகள் பின்னிக் கிடக்கும்.” ரிசீவரை என் கையில் திருப்பித் தந்தாள். “சதுக்கத்தில் ஒரு மரம் நிற்கும். அதன் கீழே பெரிய அண்டா தட்டுகிற கிழவர், பெயர் ஹமீத். அவரிடம் போய் என் பெயரைச் சொல்லச் சொல். போனுக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்.”

“யார் அவர்?”

“என் அப்பா.”

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. “ஒருவரும் இல்லை என்றாயே!”

“ஒன்பது வருசம்,” என்றாள். “அவர் வேண்டாமென்ற ஒருவனோடு இங்கே வந்தேன். ‘என் வாசலில் உன் பெயர் கேட்கக்கூடாது’ என்றார். அவனும் இப்போது இல்லை. நான் எந்த முகத்தோடு கூப்பிடுவேன்?”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வேண்டாம், வேறு வழி பார்ப்போம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அங்கே நிற்பது என் புருசன். நான் சொல்லவில்லை.

“இஞ்சருங்கோ, மரத்துக்குக் கீழ அண்டா தட்டுற ஐயாவிட்டப் போங்கோ. ஸலாம் சொல்லுங்கோ. பிறகு ‘சுபைதா’ எண்டு மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோ. போனை வைக்காதையுங்கோ!”

காசுகள் உள்ளே விழுகிற சத்தம். கையிலிருந்த எல்லாவற்றையும் போட்டிருப்பார். பிறகு சுத்தியல்கள் மட்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரிசீவரில் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டோம்.

திடீரென்று ஒரு சுத்தியல் நின்றது. கனமான சுத்தியல். அதன் பக்கத்தில் இருந்ததும் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக, தூரத்தில் இருந்தவையும் அடங்கின. இப்படியொரு அமைதியை நான் பூசையில்கூடக் கேட்டதில்லை.

மூச்சிரைக்கிற சத்தம். பிறகு ஒரு கிழக்குரல்.

“சுபைதா?”

அவள் குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், பேசினாள், மறுபடி அழுதாள். நானும் அழுதேன், ஆனால் கண் மணிக்கூட்டில்தான் இருந்தது. என் மனம் அப்படி. பஸ்ரியன் ஒரு வசனம் சொல்லமுன் காசு முடிந்து லைன் அறுந்தது.

பின்னேரம்வரை அந்தோனியாரைப் போட்டு வறுத்தெடுத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவராயிற்றே. கடைசியில் போன் அடித்தது.

“கிளடிஸ், ரபாத்துக்கு வந்திட்டன்!”

நான் கத்திய கத்தலில் சுபைதா ஓடி வந்தாள்.

“அந்தக் கிழவர் என்ர கையைப் பிடிச்சவர் பிடிச்சவர்தான். கடையை அப்பிடியே விட்டுப்போட்டு ரெயின்வரைக்கும் வந்தவர். பாணும் ஒலிவ் காயும் பொட்டலம் கட்டித் தந்து, கட்டிப்பிடிச்சு அழுதவர். ஆரப்பா அவர்? என்னைப் பிடிச்சு ஏன் அழவேணும்?”

நான் சுபைதாவைப் பார்த்தேன். “அப்பா உன்னிடம் என்ன கேட்டார்?”

“இந்த மனிதன் உனக்கு யார் என்று கேட்டார்,” என்றாள். “என் தங்கச்சியின் புருசன் என்று சொன்னேன்.”

ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்தேன்.

“அவர் உங்கட மாமா,” என்றேன்.