இணைப்பில் உள்ளது

அவள் சோதித்தபோதெல்லாம் மணி அடித்தது. அண்ணன் உண்மையாகவே கூப்பிட்டபோது மட்டும் அடிக்கவில்லை.

நேற்று மதியம் துணி எடுக்கத் தற்செயலாக அவர் அறைக்குள் போனாள். தொண்டைக் குழாயில் சளி அடைத்து அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரே திரையில் அவர் அனுப்பிய 'வா'. கீழே இன்னொரு 'வா'. சளியை உறிஞ்சி எடுத்து மூச்சு சீராகும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

தசைகள் ஒவ்வொன்றாக அடங்கிவரும் நோய். பேச்சு போய்விட்டது. பார்வை நிலைகொள்ளாததால் கண்ணசைவுக் கருவியும் கைவிட்டுவிட்டது. மிச்சம் ஒரு ஆள்காட்டி விரல். அந்த விரலால் பொத்தானை அழுத்தி, திரையில் ஓடும் எழுத்துகளைப் பொறுக்கி, நண்பர்களோடு அரட்டை அடிப்பார். அந்த அரட்டைச் செயலியிலேயே 'மணி' என்று ஆளில்லாத கணக்கு ஒன்றை அவள் சேர்த்திருந்தாள். அதற்கு ஒரு சொல் அனுப்பினால், அவள் வேலை பார்க்கும் மாடி அறையில் மணி அடிக்க வேண்டும்.

மாடியில் மாட்டியிருந்த மணிப்பெட்டிக்கு அரட்டை தெரியாது. ஓர் இணைய முகவரியைத் தட்டினால் அடிக்கும், அவ்வளவுதான். கதவைத் தட்டி, பதில் வாங்கி, திரும்பிப் போகிற வழக்கம் அது. அரட்டையோ தொலைபேசியைக் காதோடு வைத்தபடியே இருப்பது போன்றது. இணைப்பு திறந்தே கிடக்கும், பேச்சு வரும்போது வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு தரகர் வேண்டும். 'வா' காதில் விழுந்ததும் ஓடிப்போய் மணிப்பெட்டியின் கதவைத் தட்டுகிற சின்ன நிரல். அவளே எழுதியது.

இன்று அவர் அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து, நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். "இப்ப அனுப்பு அண்ணா."

மாடியில் மணி கணீரென்றது.

"பாத்தியா, நல்லாத்தானே இருக்கு."

விரல் அசைந்தது. எழுத்தெழுத்தாக வரி வளர்ந்தது. அவள் பொறுமையில்லாமல் காத்திருந்தாள்.

'போலீஸ் வர்றதுக்குள்ள வீட்டைக் கழுவி விடுற.'

"என்ன உளர்ற?"

'வந்ததும் அணைச்சுப் போடுற. அப்புறம் தேடுற. எப்படி மாட்டும்?'

சுருக்கென்றது. எது கெட்டாலும் முதலில் அணைத்துப் போடுவது அவள் தொழிலில் கை தானாகச் செய்கிற காரியம். ஒவ்வொரு முறையும் புது இணைப்பைத் திறந்து, பழுதைத் தானே துடைத்துவிட்டிருக்கிறாள்.

அதன்பின் நிரலைத் தொடவில்லை. அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்தபோது, "அனுப்பு," என்றாள். மாடியில் சத்தமே இல்லை. நிரலின் திரை மட்டும் 'இணைப்பில் உள்ளது' என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

பிடிபட்டது. நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பை வீட்டு ரூட்டர் மறந்துவிடுகிறது. மறந்ததை யாருக்கும் சொல்வதில்லை. செத்த தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிரல் காத்துக் கிடக்கிறது. அண்ணனோ தங்கைக்குத் தொந்தரவு வேண்டாமென்று முடிந்தமட்டும் கூப்பிடாமல் பொறுப்பவர். அந்தப் பொறுமைதான் இணைப்பை அறுத்தது.

"பிடிச்சிட்டேன் அண்ணா."

'சரி. விரல் நின்னதும்?'

அந்த விரல் மழைக்காலம் தாண்டாது என்று மருத்துவர் வாசலில் நின்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

'உனக்கு லீவு.'

"வாயை மூடு," என்றாள் பழைய பழக்கத்தில்.

'மூடித்தான் இருக்கு.'

தன்னால் சரிசெய்ய முடிந்த ஒன்றுக்கு மட்டும் நிரலில் சில வரிகள் எழுதிச் சேர்த்தாள். இனி நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் அரட்டைச் சர்வரிடம் 'இருக்கிறாயா' என்று கேட்கும். பதில் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது, ரூட்டரும் அதை மறக்காது. வராவிட்டால் நிரல் அந்த இணைப்பை அறுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும்.