பதினேழாவது கட்டம்

மனித குல வரலாற்றில் உலகத்தை முறையாகச் சுற்றிவரத் தகுதி பெற்ற ஒரே ஆள் தான்தான் என்பதில் லைல் பெர்க்ஸ்ட்ராமுக்கு எள்ளளவும் ஐயமில்லை. இதற்கு முன் சுற்றியவர்கள் எல்லாரும் காசு கொடுத்துச் சுற்றியவர்கள். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவரிடம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் மைல் இருந்தது; விமானக் கம்பெனி பரிசாகக் கணக்கில் ஏற்றி, இலவச டிக்கெட்டாக மாற்றித் தரும் மைல். முப்பது வருடம் ஊர் ஊராகப் பறந்து பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்றதில் பெரும்பகுதி. மீதி, சூப். தொண்ணூற்றெட்டில் ஒரு சூப் கம்பெனி, பன்னிரண்டு லேபிள் அனுப்பினால் ஐந்நூறு மைல் என்று அறிவித்தது. லைல் இரண்டாயிரம் டப்பா வாங்கினார். மனைவி நோரீன் அவற்றைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே லேபிளை உரிப்பாள். அதன்பின் எது தக்காளி, எது காளான் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இரண்டு வருடம் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு ஒரு லாட்டரியாக இருந்தது. காளான் விழுந்தால் லைல் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். அவ்வளவு சிரித்த நாட்கள் அதற்குப் பிறகு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மைலை எப்படிச் செலவழிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக லைல் ஒரே ஒருவரைத்தான் காட்டுவார். நோரீனின் தம்பி வெர்ன். பதினோரு வருடத்துக்கு முன், சேர்த்த மைலை எல்லாம் கொட்டி, காரில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஏரித் துறைமுகமான டுலூத்துக்கு விமானத்தில் போய், புகைபோட்ட மீன் தின்றுவிட்டு வந்தவர்.

"தங்கத்தை உருக்கி நாய்ச் சங்கிலி செஞ்சவன்" என்று ஒவ்வொரு நன்றித் திருநாளிலும் வான்கோழியை வெட்டிக்கொண்டே லைல் சொல்வார்.

"மீன் நல்லா இருந்துச்சு கேப்டன்" என்பார் வெர்ன்.

மைலுக்குத் தரும் உலகம் சுற்றும் டிக்கெட்டை விமானக் கம்பெனி அன்றோடு நிறுத்தப்போகிறது. மாலை ஐந்து மணி வரைதான் கெடு. சமையலறை மேஜையில் உலக உருண்டை, அதைச் சுற்றி நூல், பக்கத்தில் காப்பிக் கறை படிந்த ஒரு காகிதம். அது எழுபத்து நான்கு அக்டோபரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் விரித்திருந்தது. தேனிலவுக்குப் போன ஏரித் துறைமுகத்தில் கார் படுத்துவிட, மூன்று நாள் அந்தக் கடை ஜன்னலருகே உட்கார்ந்து, ஏரிக்குள் வரும் கப்பல்களின் முதுகில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களை நோரீன் அதில் குறித்தாள். ஆஸ்லோ. பம்பாய். டோக்கியோ. "எல்லாத்துக்கும் ஒருநாள் போவோம்" என்று லைல் அன்று சொன்னார். அவருடைய திட்டம் அந்தக் காகிதம்தான். ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்கினால் ஒரு கட்டம் என்று, மொத்தம் பதினாறு கட்டம். டிக்கெட்டின் உச்சவரம்பும் பதினாறு.

மூன்று மணிக்கு போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"சார், இது பதினேழு வருது."

"பதினாறும்மா. நாலு தடவ எண்ணிட்டேன்."

"லண்டன்ல ஒரு ஏர்போர்ட்ல இறங்கி இன்னொண்ணுல ஏறுறீங்க. நடுவுல பஸ்."

"பஸ்ஸு என்ன பறக்குதா?"

"பறக்காட்டியும் அது ஒரு கட்டம்தான் சார்."

பிடிக்காத பதில் வந்தால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவது மைல்காரர்களின் வேதம். வேறொருத்தி எடுப்பாள், அவளுக்கு விதி தெரியாமல் இருக்கலாம். லைல் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"ஒண்ணு கொறைக்கணும் நோரீன். எத எடுக்கட்டும்?"

அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தாள் நோரீன். இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து அவள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள்.

"என்னையே எடுத்துடு" என்றாள்.

"வெளையாடாத."

"லைல், என்னால ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது. டோக்கியோவுக்குப் பன்னெண்டு மணி நேரம் நான் என்ன, பஸ்ல தொங்குற மாதிரி தொங்கிட்டா வருவேன்? உனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நூல் கட்டிட்டு இருக்க."

லைலுக்குத் தெரியும். கோடை முழுக்கத் தெரியும்.

"வெர்ன கூட்டிட்டுப் போ. எனக்குப் படம் அனுப்பு."

கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த வெர்ன் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "நான் ரெடி கேப்டன்! ஜன்னல் சீட்டு எனக்கு!"

நோரீன் சிரித்தாள். பிறகு காகிதத்தை எடுத்து, கண்ணாடியில்லாமல் கைநீட்டிப் பிடித்துப் படித்தாள். "அந்தக் கப்பலு ஊதும்ல. கப்பலுக்கு வழிவிட மேல தூக்குற பாலம் திருப்பி ஊதும். நீ எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிச்ச. கடைக்காரி உனக்குப் பைத்தியம்னு நெனச்சா." காகிதத்தை மடிக்காமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, படுக்கப் போனாள்.

லைல் உருண்டையிலிருந்து நூலைக் கழற்றினார். மணி நாலு ஐம்பது. போனை எடுத்துக்கொண்டு மளிகைச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். லேபிள் இல்லாத டப்பா ஒன்று இன்னும் மேல்தட்டில் இருந்தது.

"ரெண்டு டிக்கெட்டும்மா. டுலூத்துக்கு."

"எங்க சார்? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

கூடத்தில் டி.வி. ஓடுகிறதா என்று கதவில் காது வைத்துக் கேட்டார். ஓடியது.

"டுலூத்."

"சார், அது கார்லயே போயிடலாமே. ரெண்டரை மணி நேரம்தான்."

"விமானத்துல எவ்வளவு நேரம்?"

"அம்பது நிமிஷம்."

"அதான்."

"ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம் மைல் போயிடும் சார். சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க, இதுல மைலப் போடுறது ரொம்ப நஷ்டம்."

"எனக்குத் தெரியாதாம்மா" என்றார் லைல். "ஜன்னல் சீட்டு அவளுக்கு. கப்பல் தெரியுற பக்கமாப் பாத்துப் போடு."