அரிசி டிரம்மில் பார்த்த பணம்

ஆல்வின் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மகள் சுகிர்தாவை நர்சிங் படிப்பில் சேர்த்தபோது வாங்கினான். ஆவணியில் தருகிறேன் என்றான். புரட்டாசியே பாதி போய்விட்டது. என் வீட்டுக் கூரையில் இரண்டு ஷீட் உடைந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும்.

நாங்கள் இருவரும் உத்திரமேரூரில் ஒரு நெல் குடோனில் லோடுமேன்கள். பதினோரு வருட ஜோடி. ஆளுக்கு ஒரு முனை பிடித்து, ஒரே மூச்சில் வீசி மூட்டையை லாரியில் ஏற்றுவோம். யார் எப்போது மூச்சு விடுவான் என்று மற்றவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவனிடம் காசை எத்தனை தடவைதான் கேட்பது?

கடன் வாங்கியவன் முகம் கொஞ்சமாவது வாடியிருக்க வேண்டாமா? இவன் காலையில் கல்யாண வீட்டுக்காரன் போல வந்து நின்றான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறேன், இவன் நன்றாகத் தூங்குகிறான். அதுதான் முதலில் உறுத்தியது.

“இன்னாடா, புதையல் எடுத்தியா?” என்றேன்.

“இல்லண்ணா. ராத்திரி கடல் மேல நடந்துட்டு வந்தேன்.”

“குடிச்சிருந்தியா?”

“கனவுண்ணா. ஆனா கனவுன்னு தெரிஞ்சிக்கினே பாக்கறது. படுத்ததும் முழிப்பு போவாம நேரா உள்ள பூந்துடலாம். போன்ல ஒருத்தர் சொல்லித் தராரு. நீயும் பண்ணிப் பாரேன்.”

டீக்கடையில் உட்கார்ந்து வழியும் சொன்னான். “மல்லாக்கப் படு. உடம்ப ஆட்டாத. நாளெல்லாம் மூட்டை தூக்கனா, கண்ண மூடனதும் மூட்டையா வருது இல்ல? அத்தத் தொரத்தாத. பாத்துக்கினே இரு. நான் முழிச்சிக்கினு கீறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினே இரு. உடம்பு மரத்துப் பூடும். காதுல மிஷின் ஓடறாப்ல கேக்கும். பயப்படாம அந்த மூட்டைங்களுக்குள்ள நடந்து பூடு.”

“பகல்ல தூக்கனது பத்தாதா? அங்க தூக்கனா கூலி யாரு குடுப்பா, உங்கப்பனா?”

பெஞ்சில் இருந்த செங்கேணி, எங்கள் குடோனில் இன்னொரு லோடுமேன், டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

ஆல்வின் விடவில்லை. “உள்ள போனதும் எதனா எழுத்தப் படிண்ணா. தலையத் திருப்பிட்டு மறுபடி படி. மாறியிருந்தா அது கனவு. இன்னொண்ணு, அங்க நீ இன்னா நெனைக்கிறியோ அதான் வரும். அத்த மட்டும் மறந்துடாத.”

நான் எழுத்துப் படித்ததே நாற்பத்தாறு வயதில், மாலை வகுப்பில். முதல் வருடம் பட்டப்பகலிலேயே எழுத்துகள் என்னைப் பார்த்ததும் இடம் மாறி உட்காரும். எனக்கு இது ஒரு சோதனையா?

வீட்டில் சொன்னதும் மங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “துட்டுக்குப் பதிலா கனவு குடுக்கறானா? உன்னத் தூங்க வெச்சிட்டு அவன் தப்பிச்சிக்கப் பாக்கறான்யா.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவன் புளுகு வெளியே வரட்டும் என்றுதான் படுத்தேன். இரண்டு ராத்திரி ஒன்றுமில்லை, சாதாரணத் தூக்கம். மூன்றாவது நாள் இருநூறு மூட்டை ஏற்றியிருந்தோம். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியதும் மூட்டைகள் வரிசையாக வந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் மரத்தது, இடுப்பு மரத்தது. காதுக்குள் ரைஸ் மில் ஓடியது. பக்கத்தில் மங்கம்மாவின் குறட்டை கேட்டது, கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் குடோனில் நின்றிருந்தேன்.

சாக்கைத் தொட்டேன். சணல் சொரசொரத்தது. சுவரில் ‘புகை பிடிக்காதே’ என்று இருந்தது. திரும்பிவிட்டுப் பார்த்தேன். ‘பகை முடிக்காதே’ என்றோ என்னவோ இருந்தது. படிக்கப் படிக்க நெளிந்தது. ஒரு மூட்டையைத் தனியாகத் தூக்கினேன். பஞ்சு போல எழுந்தது. ஜோடியே வேண்டாம்.

ஆல்வின் வீட்டை நினைத்தேன். உடனே பெருநகர் கிராமத்தில் அவன் வாசலில் நின்றேன். அவன் பெண்சாதி மார்த்தாள் சிரித்தாள், காதில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கம்மல். மூலையில் நீல அரிசி டிரம். மூடியைத் திறந்தேன். அரிசி இல்லை, நோட்டு. அள்ள அள்ள வந்தது. எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் நாலாயிரத்து அறுநூற்று ஐம்பதில் வந்து நின்றது.

விழித்தபோது வியர்த்திருந்தது. பொய்யென்று நான் நினைத்த கனவு மெய்யாக வந்துவிட்டது. அப்படியானால் அதற்குள் பார்த்ததும் மெய்தானே? என் புத்தி அப்படிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பெருநகர் போனேன். ஆல்வின் சர்ச்சுக்குப் போக சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“வாண்ணா! நாஷ்டா துன்னியா?”

“அந்த டிரம்மத் தெற.”

“எந்த டிரம்?”

“அரிசி டிரம். அதுல துட்டு வெச்சிக்கினு என்னக் கனவு காணச் சொல்றியா? நான் பாத்துட்டேன்டா.”

“எங்க பாத்த?”

நான் மூலையிலிருந்த டிரம்மையே பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. டிரம்மை என் காலடிக்கு இழுத்து வந்து மூடியை எடுத்தான். அடியில் ரெண்டு படி ரேஷன் அரிசி, ஒரு டம்ளர்.

“கைய வுட்டுத் தேடுண்ணா.”

“ஆல்வின்…”

“தேடுண்ணா. வந்த வேலையப் பாரு.”

மார்த்தாள் உள்ளேயிருந்து வந்தாள். பைபிளைப் பிரித்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினாள். “நேத்து சாயங்காலம்தான் கெடைச்சிது. நாளைக்கு குடோன்ல குடுக்கணும்னு வெச்சிருந்தாரு. எண்ணிக்கோங்கண்ணா.”

கை நீட்டும்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இருந்த ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள்.

“வேணாம்மா. கம்மல மீட்டுக்க. மொள்ள குடுங்க.”

“எண்ணு,” என்றான் ஆல்வின். “எண்ணாம போனா நாளைக்கு இன்னொரு கனவு வரும் உனக்கு.”

எண்ணினேன். ஒன்பது ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது.

“செரியா கீதா?”

“செரியா கீது.”

“அப்ப தீந்துச்சு. நாளையிலேருந்து நான் செங்கேணியோட ஜோடி போட்டுக்கறேன்.” சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். மார்த்தாள் டிரம்மை மூடி மூலைக்குத் தள்ளினாள்.

பஸ் ஸ்டாப்பில் வேறு யாருமில்லை. உறையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை உருவி அதிலிருந்த வரிசை எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்தேன். தலையைத் திருப்பி ரோட்டோரப் புளியமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபடி படித்தேன். அதே எண்.

கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.