நவம்பரில் கேட்ட லீவு

நாங்கள் ஜெயித்த கோப்பை ஃபாரூக் பாய் கடையில், பால் பவுடர் டின்களுக்கும் தைல பாட்டில்களுக்கும் நடுவில் நிற்கிறது. கல்லாவுக்கு நேர் மேலே. ஒரு குப்பூஸ் ரொட்டி வாங்கப் போனாலும் கண்ணில் படும். அதனால் நான் இப்போதெல்லாம் இரண்டு தெரு தள்ளி ஒரு மலையாளி கடைக்குப் போகிறேன். ஜூன் மாத வெயிலில் நடந்து போய் அதே குப்பூஸை வாங்கி வருகிற என்னை மறித்து, "நான் என்ன தப்புப் பண்ணேன், அனந்தண்ணே?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார் ஃபாரூக் பாய். தப்புப் பண்ணியது அவர் இல்லை. நான்தான்.

நான் அபுதாபி முசஃபாவில் இரும்புக் கூரை செய்யும் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர். நூற்று இருபது பேருடைய டூட்டி நேரம், லீவு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். பந்தை நான் காலால் தொட்டதில்லை. ஆனால் எங்கள் லேபர் கேம்ப் டீமுக்கு என்னைப் போல ஒரு ரசிகன் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரிகள் நிறுத்தும் மண் திடலில், கவிழ்த்த பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து நான் கத்துகிற கத்தலில் அடுத்த திங்கள் வரைக்கும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் நடப்பது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. எட்டு டீம்கள். நோன்புப் பெருநாள் முடிந்து சீசன் ஆரம்பித்தால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் கோப்பை. ஏழு பேர் ஆட்டத்தில் சென்டர் ஆடுகிறவன்தான் உயிர். அவன் தலையைத் தூக்கிப் பார்த்து, ஆளறிந்து பந்தைப் பிரித்துக் கொடுத்தால் மீதி ஆறு பேரும் ஆட்டக்காரர்கள். அவன் சொதப்பினால் ஆறு பேரும் ஓடிக் களைத்த கூலிக்காரர்கள்.

2007-ஆம் வருடக் கோடையில் எங்களுக்குச் சென்டர் இல்லை. பத்து வருடமாக ஆடிய சோலையப்பனுக்கு முட்டி போய்விட்டது. ஃபாரூக் பாய்தான் டீமுக்கு மேனேஜர், சட்டை முதல் பந்து வரைக்கும் அவர் பொறுப்பு. அவர் கடை வாசலில் தினமும் இதே பேச்சுதான்.

"சோலையண்ணன் தேறுவாராண்ணே?"

"படி இறங்கவே சுவத்தப் புடிக்கிறாரு பாய். விட்டுருங்க அவர."

"அப்ப விஜயபாஸ்கர்?"

விஜயபாஸ்கர் பெயின்டர். வேகமான கால். ஆனால் பந்து கிடைத்தால் பெற்ற பிள்ளையைப் போல வைத்துக்கொள்வான்.

"அவன்ட்ட பந்து போச்சுன்னா பந்தும் வராது, அவனும் வரமாட்டான்" என்றேன். ஃபாரூக் பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடமாக அரையிறுதியில் தோற்றுத் தோற்று நொந்து போனவன் நான். அட்டெண்டன்ஸ் சீட்டின் பின்பக்கத்தில் ஏழு பெயர்களை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மட்டும் கேள்விக்குறி.

ஆகஸ்டில் ஆள் கிடைத்தான். துபாய் அல் குசைஸ் கிளையிலிருந்து எங்கள் பட்டறைக்கு மாறி வந்த வெல்டர் மணிகண்டன். பட்டுக்கோட்டைக்காரன், ஃபாரூக் பாயின் ஊரான அதிராம்பட்டினத்துத் திடலில் ஆடி வளர்ந்தவன். நாளெல்லாம் குனிந்தே வேலை பார்க்கிறவன், திடலில் இறங்கினால் ஒரு தடவைகூடக் கீழே பார்க்க மாட்டான். காலுக்குப் பந்து வரும் முன்பே அது யாருக்குப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். முதல் பயிற்சி ஆட்டத்தில் அவன் இடது காலால் தள்ளிய பந்து விஜயபாஸ்கரின் பாதத்தில் போய் நின்றது. கேள்விக்குறியை அடித்துவிட்டு மணி என்று எழுதினேன்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் அவன் என் மேசைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே, கல்யாணம் முடிவாயிருச்சு. ஐப்பசி கடைசி முகூர்த்தம். நவம்பர் அஞ்சாந்தேதி கெளம்புற மாதிரி ரெண்டு மாச லீவு எழுதுங்கண்ணே."

"பொண்ணு யாரு?"

"ஜோதிமணின்னு பேரு. ஒரத்தநாடு. ஒரு வருசமா போன்ல பேசிக்கிட்டிருக்கோம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தான்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. லீவு ஃபாரம் இங்கிலீஷில் இருக்கும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது போய்விடும். அதனால் ஆட்கள் காலி ஃபாரத்தில் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தேதியை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் சாவகாசமாக நிரப்பி ஹெட் ஆபீஸுக்கு அனுப்புவேன். பதினோரு வருடத்தில் யாரும் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகப்படும்படி நான் நடந்ததும் இல்லை.

மணிகண்டனும் தமிழில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனான்.

அந்த ஃபாரம் இரண்டு நாள் என் மேசையில் காலியாகக் கிடந்தது. சீசன் அக்டோபர் இருபத்தாறில் ஆரம்பம். நவம்பர் ஐந்தில் அவன் போனால் இரண்டே ஆட்டம். மறுபடி விஜயபாஸ்கர், மறுபடி அரையிறுதி. டிசம்பர் பதினாலு வெள்ளிக்கிழமை ஃபைனல். கல்யாணம் தை மாதம் நடந்தால் என்ன குடி முழுகிவிடும்? பொண்ணு எங்கே ஓடிவிடப் போகிறாள்? தை மாதக் கல்யாணம்தான் விசேஷம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுசன் ஒரு அயோக்கியத்தனத்துக்குத் துணியும்போது எவ்வளவு நியாயம் பேசுகிறான் பாருங்கள்.

தேதி என்ற கட்டத்தில் டிசம்பர் பதினைந்து என்று எழுதினேன். மை காய்ந்ததும் ஹெட் ஆபீஸ் கவருக்குள் வைத்தேன்.

ஒரு வாரத்தில் ஃபாரம் சீல் போட்டு வந்தது. மணிகண்டனைக் கூப்பிட்டேன்.

"டிசம்பர் பதினஞ்சுதான் குடுத்திருக்கானுவ. நவம்பர்ல ஆள் பத்தலயாம். ஹெட் ஆபீஸ்ல அந்த எகிப்துக்கார மிஸ்ரிகிட்ட பேசிப் பாத்துட்டேன். மாஃபி, கலாஸ், கெடையாது, முடிஞ்சுதுன்னுட்டான்."

யாரிடமும் நான் பேசவில்லை. மணிகண்டன் அந்த சீல் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பதினஞ்சுல போனா மறுநாளோட கார்த்திகை முடிஞ்சிரும்ணே. அப்புறம் மார்கழி."

"தையில வச்சுக்கடா. நல்லாருக்கும்."

"இல்லண்ணே..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு, "ஒரு ஒதவி பண்றீங்களா? பொண்ணோட அம்மாட்ட நீங்களே ஒரு வார்த்த பேசுங்க. நான் சொன்னா சாக்குன்னு நெனைப்பாங்க. நீங்க ஆபீஸ் ஆளு" என்றான்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை காலையில் அவன் மொபைலிலேயே போட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் சுந்தராம்பாள் என்கிற அம்மா. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவர். மூத்தவள்தான் ஜோதிமணி.

"நீங்க கம்பெனியில பெரிய வேலையில இருக்கீங்களாமே, தம்பி. உங்க வாயால சொல்லுங்க. நெசமாவே லீவு குடுக்கலயா?"

மணிகண்டன் என் எதிரில் நின்று என் வாயையே பார்த்தான்.

"நெசந்தாங்கம்மா. கம்பெனி குடுக்கல. தைக்குள்ள கண்டிப்பா வந்துருவாப்ல."

"மொதல்ல ஆவணின்னாங்க தம்பி. வேற கெளைக்கு மாத்திட்டாங்கன்னு தள்ளிப் போச்சு. இப்ப ரெண்டாந்தடவ. சொந்தக்காரவுக ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாக. ரெண்டு தடவ தள்ளுன கல்யாணம் நல்லதுக்கில்லன்னு எங்க அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

ஆவணியில் ஒரு தடவை தள்ளிப்போன விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தேதியை மாற்றி எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்றைக்குத் தெரிந்த பிறகும் நான் ஒன்றும் செய்யவில்லையே. தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லி இன்னொரு ஃபாரம் அனுப்பியிருந்தால், ஒரு வசவோடு மிஸ்ரி மாற்றிக் கொடுத்திருப்பான். சனிக்கிழமை காலையில் புது ஃபாரத்தைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். ஃபாரூக் பாய் புதுச் சட்டைகளோடு வந்து நின்றார். எட்டாம் நம்பர் சட்டையில் மணி என்று அச்சடித்திருந்தது. ஃபாரத்தை டிராயருக்குள் வைத்துவிட்டு சட்டையை விரித்துப் பார்த்தேன்.

சீசன் நான் கனவு கண்ட மாதிரியே போனது. முதல் ஆட்டம் மூன்று கோல், அடுத்தது நான்கு. எதிர் டீம்காரர்களே மணிகண்டன் ஆட்டத்தைப் பார்க்கப் பயிற்சி நேரத்தில் வந்து நின்றார்கள். நான் கத்தினேன், குதித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் பந்தைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரிப்பான். அந்த நேரம் பெயின்ட் டின்னை விட்டு எழுந்து ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஐப்பசி கடைசி முகூர்த்தம் ஒரு புதன்கிழமை வந்தது. அன்று ஏதோ சாக்குச் சொல்லி வெல்டிங் ஷெட்டுக்குப் போனேன். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு பொறி பறக்க வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் ஏழாம் தேதி அரையிறுதி. மூன்று வருடமாக எங்களைத் தோற்கடித்த அதே டீம். மணிகண்டன் அன்று ஆடியதைப் போல இந்தத் திடலில் ஒருவனும் ஆடியதில்லை. யாரையும் பார்க்கவில்லை, யாரோடும் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டு கோலுக்குப் பந்து கொடுத்தான், மூன்றாவதை அவனே அடித்தான். அடித்துவிட்டு, கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான். விசில் ஊதியதும் நான் ஃபாரூக் பாயைத் தூக்கிச் சுற்றினேன். எனக்கு வயது நாற்பத்தேழு.

"எறக்குங்கண்ணே" என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை. "பாவம்ணே அந்தப் பய. அந்தப் பொண்ணுக்கு நேத்துக் கல்யாணம் முடிஞ்சிருச்சாம். மாமன் மகனுக்கே குடுத்துட்டாங்களாம். காலைல ஊருக்கு எங்க உம்மாவுக்கு போன் பண்ணும்போது சொன்னாங்க, பயலோட அக்கா எங்க வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போச்சாம். ஆட்டம் முடியட்டும்னு நான் வாயத் தொறக்கல. பாத்தா அவனுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு."

திடல் முழுக்க எங்கள் ஆட்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரோ என் கையில் ஒரு பெப்ஸியைத் திணித்தார்கள். மணிகண்டன் கோல் கம்பத்தருகே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் போகவில்லை. போக முடியவில்லை. பெப்ஸியை மண்ணில் ஊற்றிவிட்டு ரூமுக்கு நடந்துவிட்டேன். ஒரு பெண் எவன் வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்பதை நான் ஒரு பேனாவால் தீர்மானித்திருக்கிறேன். அதுவும் எதற்கு? மண் திடலில் ஏழு பேர் உதைக்கிற ஒரு பந்துக்காக.

ஃபைனலுக்கு முந்தைய திங்கள்கிழமை காலையில் டூட்டி ஆரம்பிக்கும் முன்னால் மணிகண்டன் ஆபீஸுக்கு வந்தான். வேலை உடுப்பான கவராலைப் போட்டுக்கொண்டு, கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"அண்ணே, பதினஞ்சாந்தேதி லீவ கேன்சல் பண்ணிருங்க."

"ஊருக்குப் போயிட்டு வாடா. அம்மாவப் பாத்துட்டு வா."

"எந்த மொகத்தோட போறது? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்ணே." என் முகத்தில் என்ன பார்த்தானோ, அவன்தான் என்னைத் தேற்றினான். "நீங்க ஏண்ணே இப்படி இருக்கீங்க? உங்களால முடிஞ்சத பண்ணீங்க. மிஸ்ரி வரைக்கும் பேசுனீங்க, அந்தம்மாட்டயும் பேசுனீங்க. யாரு பண்ணுவா? அடுத்த சீசனுக்கு சென்டர் யாருன்னு இனிமே கவலப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

மணி, அந்தத் தேதியை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை ஃபைனல் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்லி என்ன பயன்? வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கேன்சல் செய்யவும் லீவு ஃபாரம்தான் எழுத வேண்டும். டிராயரைத் திறந்து ஒரு காலி ஃபாரத்தை எடுத்தேன். அக்டோபரில் எடுத்து உள்ளே வைத்த அதே ஃபாரம்தான் மேலே கிடந்தது.

"இந்தத் தடவ நான் எழுதி முடிச்சப்பறம் கையெழுத்துப் போடு மணி" என்றேன். "ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுறேன். கேட்டுட்டுப் போடு."

"எதுக்குண்ணே? உங்களுக்குத் தெரியாததா?" என்று என் பேனாவை வாங்கி, காலி ஃபாரத்தின் அடியில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான். பிறகு பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டு, சைரன் ஊதுவதற்குள் ஷெட்டுக்கு ஓடினான்.