கல்பனாவின் பன்னிரண்டு வயது மகள்

நாற்பத்தொரு வயது சுகிர்தா, கல்பனாவுக்குப் பன்னிரண்டு வயதில் மகளாக இருக்கிறாள் என்பது வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் அறையில்தான் அவளுக்கே தெரிந்தது.

மேனேஜர் துளசிராமன் தன் போனை மேஜைமேல் திருப்பி வைத்தார். “உங்கள் மகள் சுகிர்தாவின் இந்த வாரம்” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ரிப்பன் கட்டிய ஒரு சிறுமியின் படம், ‘வயது 12, அம்மா கல்பனா’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரைபடத்தில், அவள் போய் வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள். மீஞ்சூரில் வீடு, கும்மிடிப்பூண்டியில் கம்பெனி. இரண்டையும் விட்டு எங்கோ தள்ளி, திருவள்ளூரில் ஒரு வக்கீலின் அறை.

“திருவள்ளூர்ல உனக்கு என்னம்மா வேலை? அந்த எட்வர்டு கேசுக்கு சாட்சி சொல்லப் போறியா?”

இந்த ஒன்றைத்தான் சுகிர்தா பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கூட வேலை பார்க்கும் எட்வர்ட்டின் வலது கை தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நசுங்கி நான்கு விரல் போனது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் ஒன்று அதில் உண்டு. அதை எட்வர்ட்டே கழற்றிவிட்டான், அதனால் நஷ்டஈடு கிடையாது என்கிறது கம்பெனி. சென்சாரில் டேப் ஒட்டி அதைக் குருடாக்கியது சூப்பர்வைசர் என்பதைப் பக்கத்து மேஜையில் பீஸ் பொறுக்கிக்கொண்டிருந்த சுகிர்தா பார்த்தாள். அவள் ஒருத்திதான் பார்த்தாள். திங்கட்கிழமை திருவள்ளூரில் தொழிலாளர் அதிகாரி முன் விசாரணை.

“திங்கக்கிழமை லீவு கிடையாது. அன்னைக்கு வரலேன்னா செவ்வாக்கிழமையும் வர வேணாம்” என்றார் துளசிராமன். குரலை உயர்த்தக்கூட இல்லை.

இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், இந்த அறிக்கையை அனுப்பிய ஆப்பைத் தேடிப் பிடித்தவளே சுகிர்தாதான். வருகைப்பதிவுக்கு என்று கம்பெனி எல்லோர் போனிலும் வேறொரு ஆப்பை ஏற்றச் சொன்னது. அது கேமராவைக் கேட்டது, இருக்கிற இடத்தைக் கேட்டது, போனிலுள்ள நம்பரையெல்லாம் கேட்டது. ஆபீஸ் நம் போனையே படிக்கிறது என்று ரயிலில் பேச்சு அடிபட்டது. அந்த நேரம் பார்த்து, அதைத் தடுக்கும் ஆப் என்று ஒரு விளம்பரம் வந்தது: “நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள், உங்கள் நிழலுக்குக்கூடத் தெரியாது.” தூய தமிழில், பூட்டுப் படம் போட்டு. ஒருத்திக்கு வாங்கினால் விலை அதிகம், குடும்பப் பேக் மலிவு. லேடீஸ் பெட்டியில் ஒன்றாக வரும் ஐந்து பேரும் பங்கு போட்டார்கள்; அவர்களில் கல்பனா தன் போனில் எல்லோரையும் பதிவு செய்தாள். ரயிலில் பூ வாங்கினாலே முழம் போட்டுப் பிரித்துக்கொள்கிறவர்கள், இதை மட்டும் விடுவார்களா?

அன்று மாலை ரயில் ஏறியதும் சுகிர்தா கல்பனாவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைய எதுக்குடி உன் பொண்ணுன்னு போட்ட?”

கல்பனா திருதிருவென்று விழித்தாள். “அதுல பெரியவங்க ரெண்டு பேரு, புள்ளைங்க மூணு பேருன்னுதாங்க்கா இருந்துச்சு. நானும் செல்வியும் பெரியவங்க. மீதி பேர எங்க போடுறது? சும்மா ஒரு வயசு தட்டிவுட்டேன். அதுக்கு இன்னா தொரியும்னு நெனச்சேன்.”

“அதுக்கு எல்லாம் தொரிஞ்சிக்கினு இருக்குது. ரிப்போட்டு எப்புடி ஆபீசுக்குப் போச்சு?”

கல்பனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் புருஷன் வரதன் அதே கம்பெனி ஆபீசில் கிளார்க். அவளுக்குப் போன் வாங்கித் தந்தவன் அவன், அதிலிருக்கிற மெயிலும் அவனுடையது. ஆப் வாராவாரம் பொறுப்பாக, பெற்றோருக்கு என்று அந்த மெயிலுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறது. எவனும் திருடவில்லை, எவனும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டு விற்றவனே சாவியை வாராவாரம் தபாலில் போட்டிருக்கிறான்.

“அவரா தேடலக்கா. அதுவா வந்துச்சாம். மேனேஜரு பாத்துட்டு அனுப்பச் சொன்னா இன்னா பண்ணுவாரு, அவரும் வேல பாக்குறவருதான” என்றாள் கல்பனா. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்குக்கூட ஒழுங்காக ஒரு ஆள் அகப்படவில்லையே.

அவளுக்கு இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. விரல் துண்டானால் என்ன நஷ்டஈடு என்று அவள் போனில் தேடியபோதெல்லாம் பக்கம் திறக்கவே இல்லை. பலமான பாதுகாப்பு போலிருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். குழந்தை ரத்தக்காயம் பார்க்கக்கூடாது என்று அது மூடி வைத்திருக்கிறது. அவள் தேடியதையும் வக்கீல் அறைக்குப் போனதையும் மட்டும் கர்மசிரத்தையாகக் குறித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆப்பை அழிக்கப் பார்த்தாள். பெற்றோரின் ரகசிய எண் கேட்டது. அந்த எண் வரதன் மெயிலுக்குப் போகும். வாடிக்கையாளர் உதவி என்ற இடத்தில் போய், ‘நான் பெரியவள், என்னை எடுத்துவிடுங்கள்’ என்று தட்டினாள். “வணக்கம், குட்டி நண்பரே. உங்கள் தனியுரிமை எங்களுக்கு உயிர். இதற்கு அம்மா அப்பாவிடம் அனுமதி கேளுங்கள்” என்று உடனே பதில் வந்தது. ‘எனக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள்’ என்று தட்டினாள். அதற்கும் குட்டி நண்பரே என்றுதான் ஆரம்பித்தது. போனைத் தூக்கிக் கட்டில்மேல் வீசிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த எழவுக்குக் காசு வேறு கொடுத்தோமே என்று வாய்விட்டே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாஸ்டர் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சாட்சி சொல்லப் போகாவிட்டால் எட்வர்ட் இடது கையால் சட்டைப் பித்தான் போடத் திணறுவதைக் காலமெல்லாம் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலை கும்மிடிப்பூண்டி ரயில் வந்தது. அதில் ஏறாமல் திருவள்ளூருக்குப் பஸ் பிடித்தாள்.

விசாரணை அறையில் கம்பெனி வக்கீல் தயாராக இருந்தார். ரிப்பன் கட்டிய சிறுமியின் படத்தோடு அந்த அறிக்கையை அச்செடுத்து அதிகாரி முன் வைத்தார். “இந்தம்மா எட்வர்டோட வக்கீல் அறைக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்காங்க, சார். நஷ்டஈட்டப் பத்திப் போன்ல தேடியிருக்காங்க. இது சொல்லிக்கொடுத்த சாட்சி.”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “இதுல பன்னெண்டு வயசு, கல்பனா மகள்னு இருக்கு. இவங்கதானா இது?”

எட்வர்ட்டின் வக்கீல் ஈஸ்வரி சுகிர்தாவின் பக்கம் குனிந்து, “இல்லன்னு சொல்லிடுங்கம்மா. பேப்பர் செல்லாமப் போயிடும்” என்று காதோடு சொன்னார்.

ஒரு வார்த்தை போதும். வயது பொருந்தாது, அம்மா பெயர் பொருந்தாது, படமும் பொருந்தாது. அந்த ஆப் இத்தனை நாள் செய்த துரோகத்துக்கு ஒரே வார்த்தையில் பழி தீர்த்துவிடலாம். பெஞ்சின் ஓரத்தில் எட்வர்ட் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த வாயால் இப்போது ஒரு பொய் சொன்னால், அடுத்த நிமிடம் இதே வாயால் டேப்பைப் பற்றி எப்படிச் சொல்வது? சுகிர்தா எழுந்து நின்றாள்.

“நான்தான் சார் அது” என்றாள். “வயசு பொய்யி. கம்மி வெலைக்குக் கெடைக்குதுன்னு நாங்க அப்புடிப் போட்டுக்கினோம். மத்ததெல்லாம் நெஜம். வக்கீல் ரூமாண்ட போனேன், போன்ல தேடுனேன். எவனோ ஒருத்தன் ஒளிஞ்சிக்கினு என்னப் பாத்ததெல்லாம் இங்க சாட்சியா வருது. மெஷினாண்ட நின்னு கண்ணால பாத்தவ நானு. நான் சொன்னா மட்டும் சொல்லிக்குடுத்ததா?”

கம்பெனி வக்கீல் எழுந்திருக்கப் போனார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அறிக்கையை மடித்துக் கோப்புக்கு அடியில் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“பாத்தத சொல்லும்மா.”

சுகிர்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளையிலிருந்து வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“கறுப்பு டேப்பு சார்” என்று ஆரம்பித்தாள். “சூப்பர்வைசரு பல்லால கடிச்சிக் கிழிச்சி ஒட்டுனாரு.”