அண்ணிக்குக் கேட்காத மணி

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு அறை உண்டு. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொதிந்து, ஆவியில் வைத்துக் கிருமி போக்கித் தரும் அறை. நடுவில் பீரோ அளவுக்கு ஒரு பழைய ஆவி மிஷின். அரைமணி நேரம் ஓடி முடித்ததும் மணி அடிக்கும். பெட்டியை எடுத்து, சுவரில் இருக்கும் சின்ன லிஃப்டில் வைத்து மேலே அனுப்ப வேண்டியதுதான். பதினெட்டு வருஷமாக அந்த அறையைக் கட்டி ஆண்டவள் நாத்தனார்.

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு நாத்தனார் என்றே பெயர். காரணம், மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் மூத்த நர்ஸாக இருந்தது அவள் அண்ணன் மனைவி. அண்ணி மேலே, நாத்தனார் கீழே. நாத்தனார் அனுப்பும் பெட்டியை அண்ணி அங்கே பிரிப்பாள். கத்தரிக்கோல் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தால் போதும், ஒரு சீட்டு எழுதி அதே லிஃப்டில் திருப்பி அனுப்பிவிடுவாள். சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் நின்றுகொண்டு அதைப் பற்றி மூச்சுவிடமாட்டார்கள். பாத்திரங்கள்தான் கொஞ்சம் சத்தமாகப் பேசும்.

நாத்தனாரின் கறார் வேறு ரகம். ஒருநாள் பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்குத் தன்னிடமே விளக்கம் கேட்டு, தானே பதில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தவள். அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

அப்படி இருந்தபோதுதான் அண்ணிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் படுக்கை. பிழைத்தாள். ஆனால் காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. கருவி மாட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. தியேட்டரில் டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு கேட்பதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்து நீட்ட வேண்டும். காதும் இல்லை, பார்த்துப் புரிந்துகொள்ள உதடும் தெரியாது என்றால் அங்கே நிற்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் நின்ற இடம், ஒரே வாரத்தில் இல்லை என்று ஆனது.

மேலிடம் ஒரு வழி சொன்னது. கீழ்த்தளத்தில் மூன்று மாதம் வேலை செய்து பார்க்கட்டும். சரிப்பட்டால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சரிப்பட்டதா இல்லையா என்று எழுதித் தர வேண்டியவள் யார்? நாத்தனார். வேறு ஒரு நாத்தனாராக இருந்தால் உள்ளூர ஒரு ஆட்டம் போட்டிருப்பாள். இவளோ மேலிடம் கொடுத்த படிவத்தை மேஜை இழுப்பறையின் அடியில் தள்ளிவைத்தாள்.

அண்ணி அழுததை நாத்தனார் ஒரே ஒருமுறைதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாள், குளியலறைக் குழாயை மூடாமல் வந்துவிட்டாள். தண்ணீர் கூடம் வரைக்கும் வந்து காலைத் தொட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு முகத்தைக் கழுவி, குழாயை மூடி, மூடிவிட்டதா என்று அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் எந்தக் குழாயும் ஒழுகியதில்லை.

வாசல் மணி இருந்த இடத்தில் பல்பு வந்தது. அண்ணன்தான் பாவம், உரக்கக் கத்தினால் எப்படியும் கேட்டுவிடும் என்று நம்பினார். அண்ணி ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் செருகினாள்: "கத்தாதீங்க. கேக்கிறது பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான்." வெளியூரில் இருக்கும் மகள் முன்பெல்லாம் போனில் மூன்று நிமிடம் பேசினால் அதிகம். இப்போது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். அண்ணி அவற்றை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவைத்துப் படித்தாள்.

வேலையிடத்தில் அவள் செய்ததுதான் நாத்தனாரை அசத்தியது. ஆவி மிஷின் போடும் இரைச்சலில் அங்கே எல்லோரும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசுவார்கள். தியேட்டரில் டாக்டர்கள் பேசாமலே கேட்பதற்குச் சில கை ஜாடைகள் உண்டு. இரண்டு விரலைத் திறந்து மூடினால் கத்தரிக்கோல். அண்ணி அவற்றைக் கீழே கொண்டுவந்தாள். இல்லாதவற்றுக்குத் தானே புதிது கண்டுபிடித்தாள். பருத்த வால்வைத் திறப்பதற்கு அவள் வைத்த ஜாடை அச்சு அசல் அண்ணனின் தொந்தியைத் தடவுவதுபோல் இருக்கும். கழுவுகிற இரண்டு பெண்களும் ஒரே மாதத்தில் கையாலேயே வம்பளக்கக் கற்றுக்கொண்டார்கள். நாத்தனாரின் தொண்டைக்குப் பல வருஷம் கழித்து ஓய்வு கிடைத்தது. மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், நமக்கு இது வந்திருந்தால் மூலையில் சுருண்டு படுத்திருப்போம் என்று.

மூன்று மாதத்தின் கடைசி நாள். காலை பதினொரு மணி. மேஜைமேல் அந்தப் படிவம். ஐந்து கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதிவிட்டாள். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது.

'மிஷினின் மணியைக் கேட்டு உடனே செயல்படுகிறாரா?'

இதற்கு 'இல்லை' என்று எழுதினால் அண்ணி வீட்டுக்குப் போக வேண்டும். 'ஆம்' என்று எழுதினால் பொய். பொய் எழுத அவள் கைக்கு வராது. அறையின் அந்தக் கோடியில் அண்ணி குனிந்து இடுக்கிகளை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல் இருந்தது.

போன் அடித்தது. விபத்து கேஸ், பெரிய பெட்டி உடனே வேண்டும். அதே நேரம் மிஷினும் மணி அடித்தது. கடவுளே கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு. கனமான கையுறையை மாட்டி, கதவைத் திறந்து, பெட்டியை இழுத்து, பெட்டி சரி என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டு, லிஃப்டை நோக்கி நடந்தாள்.

லிஃப்டுக்கு முன்னால் அண்ணி வந்து நின்றாள்.

"அண்ணி, வழி விடுங்க! மேல உயிருக்குப் போராடிட்டு இருக்காங்க!"

அண்ணி நகரவில்லை. பெட்டிமேல் ஒட்டியிருந்த பட்டையைத் தொட்டுக் காட்டினாள். ஆவி சரியாகப் பட்டால் அந்தப் பட்டையில் இருக்கும் கோடுகள் மை மாதிரி கறுத்துவிடும். இதில் டீக்கறை நிறத்தில் நின்றிருந்தன.

"கறுக்கல," என்றாள் அண்ணி. காது போனதிலிருந்து அவளுக்குக் குரலின் அளவு தெரியாது, அறையே அதிர்ந்தது. "ஆவி சரியா ஏறல. இதை அனுப்பாதே."

"மணி அடிச்சுதே அண்ணி!" என்றாள் நாத்தனார், தன் காதைத் தொட்டு, மிஷினைக் காட்டி, அழாத குறையாக.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. புருவத்தை உயர்த்தினாள்.

"மணி அடிச்சா எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கோட்டைத்தான் பார்த்தேன்."

சொல்லிக்கொண்டே திரும்பி, அலமாரியிலிருந்த இன்னொரு பெரிய பெட்டியை எடுத்தாள். கன்னங்கரேல் என்று கறுத்திருந்த அதன் கோடுகளை ஒருமுறை விரலால் தடவி, லிஃப்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெட்டி வந்து சேர்ந்ததாக மேலிருந்து போன் வந்தது.

முதல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே வைத்திருந்த அடையாளச் சீட்டும் நிறம் மாறவில்லை. மிஷினைப் பார்க்க வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"வால்வு மாட்டிக்கிச்சு. இந்த மணி நிமிஷக் கணக்குக்கு அடிக்கிறதுங்க. ஆவி வந்துச்சா வரலையான்னு அதுக்கு என்ன தெரியும்?"

நாத்தனார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைப் பாருங்கள், கோட்டைப் பாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லாம் நூறு தடவை சொன்னவள் அவள்தான். அவளே கடைசியாக எப்போது பார்த்தாள்? மணி அடித்தால் கை தானாகவே கதவுக்குப் போய்விடுகிறது, கண்ணுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு கூடவே, இந்த மனுஷி எங்க வீட்டு அண்ணி என்று ஒரு பெருமையும் பொங்கிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் அவள் இரண்டு தாள் எழுதினாள். ஒன்று, வழக்கம்போல் தனக்குத் தானே விளக்கக் கடிதம்: 'கோட்டைப் பார்க்காமல் மணியை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.' அதைக் கோப்பில் வைக்காமல் மேலிடத்துக்கே அனுப்பினாள். மற்றொன்று அந்தப் படிவம். ஆறாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று தெளிவாக எழுதினாள். அதன் கீழே, ஓரத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், நெருக்கி நெருக்கி எழுதினாள்:

'மணியைக் கேட்டு உடனே செயல்பட்டது நான். பெட்டியைத் தடுத்தது இவர். கேள்வியை மாற்றவும்.'

அனுப்புவதற்கு முன்னால் தாளை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி நிதானமாகப் படித்தாள். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் கலங்கின. உடனே அதை மறைக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு, கை நீட்டி, இரண்டு விரலைத் திறந்து மூடினாள்.

கத்தரிக்கோல் கேட்கிறாள். நாத்தனார் ஓடிப்போய் ஒன்றை எடுத்தாள். முனை மழுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.