வெர்னெல் வாய் திறக்காமல் பாடிய வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆகியிருக்கவே வேண்டாம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு "அமெரிக்காவில் நாட்டுப்பற்று" என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். மெம்ஃபிஸில் பாதி ஆயுளைக் கழித்தவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாதவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். நானும் பொறுப்பாக உட்கார்ந்து தொடங்கினேன்:

"நாட்டுப்பற்று என்பது மனித மனத்தின் ஆழத்தில் ஊறும் ஒரு"

ஒரு என்ன? ஊற்றா, ஊறுகாயா? அங்கேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு வெர்னெல் ஹைட்டவர் தன் அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டுவதிலும் ராகம் உண்டு அவளுக்கு. காது அங்கே போனது, பின்னாலேயே விரலும் போனது. மலர்க்குழு என்னை மன்னிக்கட்டும்.

[அவளா, அவரா? எழுபதைத் தாண்டிய பெண்மணி. மரியாதையாக "அவர்" போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வெர்னெல் மாநகராட்சி ஆணையர் மாதிரி ஆகிவிட்டாள். "அவள்" இருக்கட்டும்.]

2

இரண்டாவது தொடக்கம்: "வானம் கருத்திருந்தது. வெர்னெலின் விழிகளில் சொல்லப்படாத"

இல்லை. ஜூலை மாதம். மெம்ஃபிஸ் வானம் வெள்ளையாக வெந்துகொண்டிருந்தது. வெர்னெலிடம் சொல்லப்படாதது என்று எதுவுமே கிடையாது.

வெர்னெல் சோல் பாடகி. தேவாலயத்தில் கடவுளிடம் அழுகிற அதே குரலை வெளியே எடுத்துவந்து காதலனிடம் அழுதால் அதற்குப் பெயர் சோல். இளவயதில் அவளுடைய ஒரு இசைத்தட்டு இந்த ஊர் வானொலியில் கோடை முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு மூன்று கணவர்களும் ஒரு முழங்கால் அறுவையும். இப்போது ஞாயிறன்று தேவாலயம், சனிக்கிழமை மீன் பொரிக்கும் விருந்துகள்.

என் பெயர் தெய்வானை. அலுவலகத்தில் அதைச் சுருக்கி "டீவா" என்றார்கள். இந்த ஊரில் பெரும் பாடகிகளுக்குத்தான் அந்தப் பட்டம். வெர்னெல் அறிமுகமான அன்றே தடை போட்டாள்.

"இந்தத் தெருவுல டீவா ஒருத்திதான் பேபி. உனக்கு வேற பேரு பாப்போம்."

அன்றிலிருந்து நான் மிஸ் டி.

அவளுடைய அண்ணன் ராஸ்கோ. [என் கணினி இந்தப் பெயரை "ராஸ்கல்" என்று திருத்திக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் பொருந்தியதால் யோசித்துத்தான் மாற்றினேன்.] வியட்நாம் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர். திரும்பி வந்து நகரப் பேருந்து ஓட்டினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டு வாசல். அந்த ஆண்டு வசந்தத்திலிருந்து பேச்சு கிடையாது.

காரணம் தேசிய கீதம். மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களை நினைக்கும் நாளன்று, தேவாலயத்தில் வெர்னெல் அதைப் பாடினாள். மறுநாள் முடிதிருத்தும் கடையில் ராஸ்கோ சொன்னாராம்: "என் தங்கச்சி அந்தப் பாட்டுக்குச் சடை பின்னி, மணி கோத்து, ரிப்பன் கட்டி விட்டுட்டா. தலை எது, வால் எதுன்னு தெரியல." முடிதிருத்தும் கடையில் சொன்னது மத்தியானத்துக்குள் வெர்னெலின் காதுக்கு வந்துவிட்டது.

அதன்பிறகு வேலியோரம் நின்று என் வழியாகத்தான் பேச்சு.

"மிஸ் டி, அந்தப் பக்கத்து ஆளுகிட்ட சொல்லு. அவரு குப்பைத்தொட்டி என் ரோஜா மேல சாயுது."

அந்தப் பக்கத்து ஆள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பார்.

"மிஸ் டி, அந்தம்மாகிட்ட சொல்லு. ரோஜாதான் என் தொட்டி மேல வந்து சாயுது. ஆம்பளைங்க மேல சாயறது அதுக்குப் பழக்கம்."

இந்த நிலையில்தான் ஊர் பேஸ்பால் மைதானத்திலிருந்து வெர்னெலுக்கு அழைப்பு வந்தது. ஜூலை நான்கு, சுதந்திர தினப் பகல் ஆட்டம். தொடங்கும் முன் தேசிய கீதம் பாட வேண்டும். ராஸ்கோவுக்கும் அழைப்பு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு நல்ல இருக்கையும், ரொட்டிக்குள் இறைச்சி வைத்த ஹாட்டாக்கும் இலவசம்.

"நேரா பாடச் சொல்லு அவளை. அது பாட்டு. பின்னல் இல்ல."

"நேரா பாட நான் என்ன டெலிபோன் கம்பமா?"

இன்னொரு செய்தி. அந்த வாரம்தான் வெர்னெலுக்குப் புதுப் பல்செட் வந்திருந்தது. மேல் வரிசையில், முன்னால் நான்கு பல். பாடுவதானால் பசை தடவிக்கொள்ளுங்கள் என்று பல் மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். வெர்னெல் கேட்கவில்லை.

"என் வாயை ஒட்டி வைக்க மூணு புருஷனுங்க பாத்தாங்க பேபி. நடக்கல. ஒரு டியூப் பசை என்ன பண்ணிடும்?"

3

இந்தப் பகுதியைத்தான் அதிகம் அடித்து எழுதினேன். பாட்டை எழுத்தில் பாட முடியாது. முயன்றவர்கள் எல்லோரும் "குரல் தேனாய் வழிந்தது" என்று எழுதிவிட்டு எறும்புக்குப் பயந்து ஓடியவர்கள்தான். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மைதான நிர்வாகி, பனியன் மாதிரி ஒரு சட்டை போட்ட பையன், ஓடிவந்தான். "மிஸ் ஹைட்டவர், பாட்டு ஒன்றரை நிமிஷத்துல முடியணும். டிவியில போகுது."

"ஒன்றரை நிமிஷத்துல நான் தொண்டையைக்கூட கனைச்சு முடிக்கமாட்டேன் பேபி."

நீல கவுன், வெள்ளைத் தொப்பி. ஒலிவாங்கி முன்னால் போய் நின்றாள். நானும் ராஸ்கோவும் மூன்றாவது வரிசையில். எல்லோரும் எழுந்தோம். ராஸ்கோ தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

முதல் வரியிலேயே ஒரு சொல்லைப் பிடித்து மாடிப்படி ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினாள்.

"பின்ன ஆரம்பிச்சுட்டா," என்றார் ராஸ்கோ பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டாவது வரியில் மணி கோத்தாள். மூன்றாவதில் ரிப்பன். கூட்டம் "யெஸ் மேம்!" என்றது. ராஸ்கோவின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அந்த வரி வந்தது. அந்தப் பாட்டில் ராக்கெட்டும் குண்டும் வெடிக்கிற வரி. பாடகர்கள் எல்லோரும் அங்கேதான் குரலைத் தூக்கிக் கூரையைப் பிரிப்பார்கள். வெர்னெல் மூச்சை இழுத்தாள். தோள் உயர்ந்தது. தொப்பி பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது.

மூடிக்கொண்டது.

ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த இரும்புக் கம்பி மெல்ல அதிர்ந்தது. வெர்னெல் உதட்டை இறுக மூடிக்கொண்டு ஹம்மிங் செய்துகொண்டிருந்தாள். மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போனாள். குண்டும் நெருப்பும் வரவேண்டிய இடத்தில் சொல்லே இல்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து கனமாக ஒரு ம்ம்ம். பக்கத்து அறையில் யாரோ அழுகையை அடக்குகிற மாதிரி, அவர்களுக்குத் தெரியாமல் நாம் கதவோரம் நிற்கிற மாதிரி.

வேர்க்கடலை விற்கிறவன் படியில் அப்படியே நின்றான். எங்களுக்கு முன்னால், கை முழுக்கப் பச்சை குத்திய ஒருவன் கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டான்.

அந்த வரி முழுக்க ஹம்மிங். அடுத்ததில் பாதியும் அதுதான். பிறகு ஒரு கையால் முகத்தை மூடி எடுத்தாள். கண்ணீரைத் துடைக்கிறாள் என்று அரங்கமே நினைத்தது. கையை எடுத்ததும் மீதிப் பாட்டைப் பாடினாள். நேராக. ஒரு சுழிப்பு இல்லை, ஒரு வளைவு இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடுகிற மாதிரி. முடித்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை.

நான் பக்கத்தில் திரும்பினேன். ராஸ்கோ

[இந்த வாக்கியத்தை ஏழெட்டு விதமாக முடித்துப் பார்த்தேன். "விம்மினார்" பொய். "கல்லாக நின்றார்" சினிமா. நடந்தது இதுதான்: தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ள மறந்து, அதற்குள் ஹாட்டாக்கை வைத்துக்கொண்டு நின்றார்.]

4

மறுநாள் ஊரே அதற்குப் பொருள் சொன்னது. உள்ளூர் டிவி, "மௌனமான எதிர்ப்பு" என்றது. காலை வானொலியில் ஒருவர், "இதுதான் உண்மையான தேசபக்தி, வார்த்தைக்கு அடங்காதது" என்று உருகினார். வெர்னெலின் பாதிரியார் பரிசுத்த ஆவி இறங்கியது என்றார்.

ஆனால் அதற்கு முன்பே, மைதானத்திலிருந்து திரும்பும்போது என் காரில் ஒன்று நடந்தது. வெர்னெல் முன்னால் என் பக்கத்தில். ராஸ்கோ பின்னால். பாலம் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. என்னிடம் இல்லை. நேராக அவளிடம்.

"நெல்."

[நெல் என்பது வெர்னெலின் வீட்டுப்பெயர். தஞ்சாவூர்க்காரியான நான் அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். அன்று சிரிக்கவில்லை.]

"நெல், அந்த வரியில எனக்குக் குரல் வராதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

வெர்னெல் திரும்பவில்லை.

"வியட்நாம்லேருந்து வந்த நாள்லேருந்து பொம்மை மாதிரி உதட்டை அசைச்சு ஓட்டிட்டிருக்கேன். யாரும் கவனிக்கலன்னு நெனச்சேன். அந்த வரி தூரத்துல நின்னு பாத்தவன் எழுதினது நெல். நான் வண்டி ஓட்டினது அதுக்கு அடியில." ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ கவனிச்சிருக்க. அப்புறம் நேராவும் பாடின. எனக்காக."

இங்கே வெர்னெல் ஏதாவது சொல்லியாக வேண்டும். கதை கேட்கிறது. "அண்ணன்னா கவனிக்க மாட்டேனா?" என்று எழுதினேன். அழகாக இருந்தது, அழித்தேன். உண்மையில் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. பல்செட் அவள் கைப்பையில் காகிதக் கைக்குட்டைக்குள் இருந்தது. வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்னால் பார்த்தபடியே மெல்ல இரண்டுமுறை தலையை ஆட்டினாள்.

ராஸ்கோ பின்னாலிருந்து கையை நீட்டி அவள் தோளைத் தட்டினார்.

"சரி விடு. உன் ரோஜா சாயட்டும்."

5

வேலியோரம், இரண்டு நாள் கழித்து. வெர்னெல், பசை தடவிய பல்லோடு.

"பல்லு நழுவிடுச்சு மிஸ் டி! வாயைத் திறந்தேன், நாலும் நாக்கு மேல வந்து உக்காருது. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா பந்து போடற பிட்சர் கையில போய் விழுந்திருக்கும். டிவியில போகுது! வாயை மூடிட்டேன்."

"அப்ப கடைசியில நேரா பாடினது?"

"வளைச்சா மறுபடி கழண்டுடும்னு பயம். நடுங்கிக்கிட்டே பாடினேன்."

இருவரும் சிரித்தோம். வேலியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க. அவள் சிரிப்புதான் முதலில் நின்றது.

"ஆனா ஒண்ணு. நாக்காலயே பல்லை உடனே ஏத்திட்டேன். ஒரு தள்ளுதான். அப்புறம் கையால அழுத்திக்கிட்டது சும்மா ஒரு தைரியத்துக்கு. அந்த வரியிலயே வார்த்தைக்கு வந்திருக்கலாம்."

"ஏன் வரல?"

"வாயை மூடினா பாட்டு உள்ள கேக்குது பேபி. எத்தனை தடவை பாடியிருக்கேன், அந்த வார்த்தை என்ன சொல்லுதுன்னு அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு." அவள் அண்ணனின் வாசலைப் பார்த்தாள். "ஒவ்வொரு ஜூலை நாலும் தெருவுல பட்டாசு ஆரம்பிச்சதும் அவன் குளியலறைக்குள்ள போயி குழாயை முழுசாத் திறந்து விடுவான். முடியறவரைக்கும். நான் இந்தப் பக்கத்துலேருந்து சுவத்தைத் தட்டி, தண்ணிய வீணாக்காதடான்னு கத்துவேன். வருஷா வருஷம் கத்தியிருக்கேன் மிஸ் டி."

நானும் அந்த வாசலைப் பார்த்தேன்.

"பல்லுதான் ஆரம்பிச்சது," என்றாள். "மீதி பல்லு இல்ல. ஆனா இதை அவன்கிட்ட எப்படிப் பிரிச்சுச் சொல்றது? பல்லுன்னு ஆரம்பிச்சாலே ஊரைக் கூட்டிச் சிரிப்பான். அப்புறம் தனியாப் போய் உக்காந்துக்குவான்."

எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவள் விரலை ஆட்டினாள்.

"இங்கிலீஷ்ல எழுதின, வேலி தாண்டி வந்து உன் கம்ப்யூட்டர் மேல உக்காருவேன். உங்க பாஷையில எழுதிக்கோ. ராஸ்கோவுக்கு எட்டாது."

6

இங்கே முடித்திருப்பேன். கௌரவமான முடிவு. மலர்க்குழுவும் ஒத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் போன வாரம் ராஸ்கோவின் பேத்தி ஜனேஸாவுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அட்லாண்டாவில் வேலை பார்க்கிற பையன். சொந்த ஊர் கோவில்பட்டி.

ராஸ்கோ வேலிக்கு ஓடிவந்தார். "மிஸ் டி! நெல்லைப் பத்தி உங்க பாஷையில ஏதோ எழுதறியாமே? ஒரு பிரதி எனக்கு வேணும். நம்ம வீட்டுக்கே வாசிக்கிற ஆள் வந்தாச்சு. நவம்பர்ல நன்றி நாள் விருந்துல எல்லாரும் மேசையில உக்காந்ததும் அவனை இங்கிலீஷ்ல சொல்லச் சொல்றேன். வான்கோழி ஆறினாலும் பரவால்ல."

அவருக்குப் பின்னால் தன் வாசலில் நின்ற வெர்னெல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். உண்மை தெரிந்து ராஸ்கோ மேசையைத் தட்டிச் சிரிப்பது ஒன்று. சிரித்துவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறப்பது ஒன்று. "எனக்கு அன்னிக்கே தெரியும், பல்லு பளபளன்னு வெளிய வந்ததைப் பாத்தேனே" என்று அவர் சொல்லி எல்லோர் வாயையும் அடைப்பது ஒன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே, கோவில்பட்டித் தம்பி, இது உங்களுக்கு. மற்ற வாசகர்களே, நீங்கள்தான் அந்தத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் பகுதிவரை எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டிலும் நான்கிலும் வருகிற பல்செட் வரிகளை மட்டும் தாண்டிவிடுங்கள். ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். இடப்பக்கம் வெர்னெல் இருப்பாள், உங்களைப் பார்க்கமாட்டாள். எதிரே ராஸ்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அங்கே என்ன வாசிப்பது என்று நான் எழுதவில்லை. நீங்கள் எதை வாசிக்கிறீர்களோ, அதுதான் அங்கே எழுதியிருப்பதாக இருக்கட்டும்.

கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள் தம்பி. பெரியவருக்கு வலது காது மந்தம்.